டிஎன்ஏ ரிப்போர்ட்டில் இதயத் துடிப்புக்கு இரண்டு சிவப்புக் குறி: எதைப் பொருட்படுத்துவது?

வடக்குஜன்னல் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு வயது 37. இதயத்தில் கோளாறு என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. ரத்த அழுத்தம், சர்க்கரை, தைராய்டு எல்லாம் சரியாக இருக்கின்றன.

என் அண்ணனுக்கு 41 வயதில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (சுருக்கமாக ஏ.எஃப்., இதயத்தின் மேலறைகள் ஒழுங்கில்லாமல் துடிப்பது) என்றார்கள். நெடுந்தூரம் ஓடுகிறவர், புகை, குடி இரண்டும் கிடையாது. ஒரு நாள் ஓடி முடித்து உட்கார்ந்த பிறகும் படபடப்பு அடங்கவே இல்லை, ஈசிஜியில் பிடிபட்டது. அப்பாவுக்கும் அறுபதைத் தாண்டியபின் இதே பிரச்சினை வந்து மாத்திரையில் இருக்கிறார்.

அடுத்தது நான்தானோ என்ற பயம். முன்னோர்கள் எங்கிருந்து வந்தவர்கள் என்று பார்க்க விளையாட்டாக எச்சில் கொடுத்துச் செய்த டிஎன்ஏ சோதனையின் மூலக்கோப்பு என்னிடம் சும்மா கிடந்தது. அதை வேறொரு தளத்தில் ஏற்றிப் பார்த்தேன். 'இதயம்' என்ற பகுதியில் இரண்டு வரிகள் சிவப்பில் வந்தன.

ஆர்எஸ்2200733, டிடி: 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் அபாயம் மிக அதிகம்.'

கேசிஎன்இ1 டி85என், ஒரு பிரதி: 'லாங் க்யூடி நோய் தொடர்புள்ள மாறுபாடு.'

இரண்டாவதைத் தேடிப் படிக்கப் போய், திடீர் மரணம் என்ற சொல் வந்ததும் மூடிவிட்டேன். எனக்கு இது கண்டிப்பாக வருமா? வருவதற்கு முன்பே, ரத்தம் உறையாமல் தடுக்கும் ப்ளட் தின்னர் மாத்திரையை ஆரம்பித்துவிடலாமா? எட்டு வயதில் மகள் இருக்கிறாள், அவளுக்கும் சோதனை செய்ய வேண்டுமா? டாக்டரிடம் காட்டினால் 'இதையெல்லாம் யார் எடுக்கச் சொன்னது' என்பாரோ என்று தயக்கமாகவும் இருக்கிறது.

பழையரேடியோ எழுதியது:

சகோதரி, முதலில் ப்ளட் தின்னர் பேச்சை விடுங்கள். நானே அதைச் சாப்பிட்டுக்கொண்டிருப்பவன், அதனால்தான் சொல்கிறேன். ஏ.எஃப். இருப்பது ஈசிஜியில் உறுதியான பிறகுதான் அந்தக் கேள்வியே எழும். அப்போதும் எல்லாருக்கும் கொடுப்பதில்லை. ஏ.எஃப். உள்ளவருக்குப் பக்கவாத அபாயம் எவ்வளவு என்று பார்க்க சாட்ஸ்-வாஸ்க் என்று ஒரு மதிப்பெண் கணக்கு உண்டு: வயது 65 ஆனால் ஒன்று, 75 ஆனால் இரண்டு, முன்பு பக்கவாதம் வந்திருந்தால் இரண்டு, சர்க்கரைக்கு ஒன்று, ரத்த அழுத்தத்துக்கு ஒன்று, இப்படிப் போகும். அதில் மரபணுவுக்கு மதிப்பெண்ணே கிடையாது. இந்த மாத்திரை சாப்பிடுகிறவனுக்கு சவரக்கத்தி கீறினால்கூட ரத்தம் நிற்க நேரமாகும். இல்லாத நோய்க்கு அந்தத் தொல்லை எதற்கு?

எனக்கு வந்த கதை வேறு. ரத்த அழுத்தத்தைப் பல வருஷம் கண்டுகொள்ளாமல் விட்டேன், உடம்பும் பெருத்தது, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தது. வெறும் குறட்டைதான் என்று வீட்டில் சிரித்தார்கள். தூக்கத்தில் மூச்சு தடைப்படும்போதெல்லாம் ஆக்சிஜன் இறங்கி, நெஞ்சுக்குள் அழுத்தம் மாறி, மேலறை இழுபடுகிறது என்று பிறகு டாக்டர் விளக்கினார். எடையைக் குறைப்பதால் என்ன ஆகும் என்று ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் பார்த்திருக்கிறார்கள், 2015இல் முடிவு வந்தது. பத்து சதவீதமும் அதற்கு மேலும் எடை இறக்கி அப்படியே வைத்திருந்தவர்கள், மற்றவர்களைவிட ஏ.எஃப். இல்லாமல் இருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய ஆறு மடங்கு. 2020இல் அதே நாட்டில் இன்னொரு சோதனை: ஏ.எஃப். உள்ள, வழக்கமாகக் குடிக்கிற ஆட்களில் ஒரு பாதியைக் குடியை நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தியவர்களுக்கு அது திரும்ப வருவது குறைந்தது. ஜீனை மாற்ற முடியாது, இதையெல்லாம் மாற்றலாம் அல்லவா?

உங்கள் அண்ணன் விஷயத்தில் ஒன்று. சுவீடனில் வாசாலோப்பெட் என்று 90 கிலோமீட்டர் பனிச்சறுக்குப் பந்தயம் நடக்கிறது. அதில் கலந்துகொண்ட ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்தபோது, அதிகப் பந்தயங்களை முடித்தவர்களுக்குத் துடிப்புக் கோளாறு கூடுதலாக வந்தது தெரிந்தது. ஆகவே அண்ணனுக்கு வந்ததெல்லாம் குடும்பச் சொத்து என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம்.

நாடி பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள். கட்டைவிரல் பக்கமாக மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து ஒரு நிமிடம் எண்ணுங்கள். மூச்சை இழுக்கும்போது கொஞ்சம் வேகமாகவும் விடும்போது மெதுவாகவும் போவது இயல்புதான். எப்போதாவது ஒன்று விட்டுத் துடிப்பதும் பலருக்கு உண்டு. ஏ.எஃபில் எந்த ஒழுங்கும் அகப்படாது. அடுத்த துடிப்பு எப்போது வரும் என்று விரலால் ஊகிக்கவே முடியாது. ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டால் மறக்காது.

மேசைவிளக்கு எழுதியது:

மரபணுச் சோதனைக்கூடத்தில், கண்டுபிடித்த மாறுபாடு நோய் தருமா தராதா என்று வகைப்படுத்தும் மேசையில் வேலை செய்கிறேன். டாக்டர் இல்லை. உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கும் இரண்டு வரிகளும் இரண்டு வெவ்வேறு விஷயங்கள், இரண்டுக்கும் ஒரே சிவப்பைப் பூசியிருக்கிறார்கள். இந்தச் சிவப்பு மையைக் கண்டால் எனக்குக் கோபம் வரும், அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

முதல் வரி. 2007இல் ஐஸ்லாந்தின் டிகோட் நிறுவனத்தார், நான்காவது குரோமோசோமில் ஏ.எஃபோடு தொடர்புள்ள ஓர் இடத்தைக் கண்டார்கள். ஐஸ்லாந்து, சுவீடன், அமெரிக்கா, ஹாங்காங் என்று நான்கு இடத்து ஆட்களிடமும் அது பிடிபட்டது. உங்கள் ஆர்எஸ்2200733 அங்கேதான் இருக்கிறது. அது எந்த மரபணுவுக்குள்ளும் இல்லை என்பதுதான் வேடிக்கை. பக்கத்து மரபணு என்றால் பிட்எக்ஸ்2, அதுவும் ஒன்றரை லட்சம் எழுத்து தள்ளி இருக்கிறது.

பிட்எக்ஸ்2 சாதாரண ஆள் இல்லை. கரு உருவாகும்போது உடம்புக்கு இடது எது, வலது எது என்று சொல்லிக்கொடுப்பதில் அதற்குப் பங்கு உண்டு. துடிப்பைத் தொடங்கும் முடிச்சு வலது மேலறையில்தான் இருக்க வேண்டும். இடது மேலறையிலும் அப்படி ஒன்று முளைக்காமல் அடக்கி வைப்பது இந்த மரபணு. நுரையீரலிலிருந்து ரத்தம் கொண்டுவரும் சிரைகள் இடது மேலறையோடு சேரும் இடத்தில் இதயத் தசை கொஞ்ச தூரம் சிரைக்குள் நீண்டிருக்கும். அந்தத் தசை உருவாவதற்கும் பிட்எக்ஸ்2 வேண்டும். 1998இல் பிரான்சின் போர்டோ நகர மருத்துவர்கள், ஏ.எஃபைக் கிளப்பிவிடும் தாறுமாறான துடிப்புகளில் பெரும்பாலானவை இந்தச் சிரைகளுக்குள்ளிருந்துதான் புறப்படுகின்றன என்று காட்டியிருந்தார்கள். இன்று அப்லேஷன் என்ற பெயரில் அந்தச் சிரைவாய்களைச் சுற்றிச் சுட்டோ உறையவைத்தோ தடுப்பு போடுகிறார்கள். ஒன்பது வருஷம் கழித்து மரபணுக்காரர்கள் வேறு வழியில் தேடிக்கொண்டு போய் ஏறக்குறைய அதே வாசலில் நின்றார்கள். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

சரி, உங்கள் கணக்குக்கு வருகிறேன். அந்த 2007 ஆய்வில் அந்த இடத்தில் டி என்ற எழுத்து இருந்தால் ஒரு பிரதிக்கு அபாயம் சுமார் 1.7 மடங்கு. உங்களுக்கு டிடி, அதாவது இரண்டு பிரதி, 1.7ஐ 1.7ஆல் பெருக்கினால் ஏறக்குறைய மூன்று. தளம் 'மிக அதிகம்' என்றது இதைத்தான். ஆனால் மூன்று மடங்கு என்றால் எதற்கு மூன்று மடங்கு? 2001இல் அமெரிக்காவில் எடுத்த ஒரு பெரிய கணக்கில், 55 வயதுக்குக் கீழே ஏ.எஃப். உள்ளவர்கள் ஆயிரத்தில் ஒருவர். 80ஐத் தாண்டியவர்களில் நூற்றுக்கு ஒன்பது பேர். ஆயிரத்தில் ஒன்றை மூன்றாக்கினால் ஆயிரத்தில் மூன்று. மீதி 997 பேருக்கு உங்கள் வயதில் ஒன்றும் இல்லை.

இன்னொன்றையும் பாருங்கள். இந்த டி எழுத்து ஐரோப்பியரிடம் பத்துக்கு ஒன்று என்ற அளவில் கிடைக்கிறது. ஹாங்காங்கில் பார்த்தபோது பாதிக்கும் மேல். அந்த எழுத்து ஒன்றே நோயைக் கொண்டுவருவதாக இருந்தால் சீனர்களிடம் ஏ.எஃப். ஐரோப்பியரைவிட எக்கச்சக்கமாக இருக்க வேண்டும். அப்படி இல்லை, கிழக்காசியரிடம் குறைவாகத்தான் பதிவாகிறது. 2018 வாக்கிலேயே இப்படிப்பட்ட இடங்கள் நூறை எட்டிவிட்டன, அதன் பிறகும் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. உங்களிடம் அபாயத்தைக் கூட்டுகிற சில இருக்கும், குறைக்கிற சிலவும் இருக்கும். தளம் அவற்றில் ஒன்றை மட்டும் பிடுங்கி உங்கள் முன்னால் வைத்திருக்கிறது. போதாக்குறைக்கு இந்த எண்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரிடமிருந்து வந்தவை. மற்றவர்களுக்கு அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இரண்டாவது வரி, டி85என். கேசிஎன்இ1 என்பது இதயத் தசையின் பொட்டாசியம் வாயில் ஒன்றுக்குத் துணைப்புரதம். ஒவ்வொரு துடிப்புக்கும் பிறகு தசை மின்னளவில் பழைய நிலைக்குத் திரும்பப் பொட்டாசியம் வெளியே போக வேண்டும். அது தாமதமானால் ஈசிஜியில் க்யூடி இடைவெளி நீளும். டி85என் அதைக் கொஞ்சம் தாமதப்படுத்துகிறது. எவ்வளவு? பொதுமக்களிடம் அளந்ததில் சராசரியாக 7 முதல் 10 மில்லி வினாடி. ஈசிஜி தாளில் ஒரு சின்னக் கட்டம் 40 மில்லி வினாடி, அதில் கால்வாசிதான். ஐரோப்பியரில் நூற்றில் இரண்டு பேர் இதைத் தூக்கிக்கொண்டு ஒன்றும் தெரியாமல் நடமாடுகிறார்கள். பிறவி லாங் க்யூடியோ இரண்டாயிரம் பேரில் ஒருவருக்கு. நூற்றில் இரண்டு பேரிடம் இருக்கும் ஒன்று, இரண்டாயிரத்தில் ஒருவருக்கு வரும் நோயைத் தனியாகத் தர முடியாது. எங்கள் மேசையில் முதலில் போடுவதே இந்தக் கணக்குத்தான்.

இதைவிட முக்கியமானது அந்தத் தளம் எதைப் பார்க்கவில்லை என்பது. எச்சில் சோதனையில் பயன்படும் சிப், முன்கூட்டியே குறித்து வைத்த இடங்களில் மட்டும் எழுத்தைப் படிக்கிறது. துடிப்பை உண்மையிலேயே குலைக்கும் மாறுபாடுகள் பெரும்பாலும் அரியவை, ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி. சிப்புக்கு அவை தெரியவே தெரியாது. அரியதாக ஒன்றைக் கண்டதாக அது சொன்னாலும் நம்ப முடியாது. இப்படி மூலக்கோப்பில் வந்த மாறுபாடுகளை மருத்துவச் சோதனைக்கூடத்தில் மறுபடி பார்த்த ஓர் ஆய்வு 2018இல் வந்தது. நூற்றுக்கு நாற்பது இல்லவே இல்லை. பச்சையில் வந்திருந்தாலும் நீங்கள் நிம்மதியாக இருந்திருக்க முடியாது என்றுதான் சொல்ல வருகிறேன்.

ஆகவே தளத்தை மூடிவிட்டு ஒரு தாளை எடுங்கள். அப்பா பக்கம், அம்மா பக்கம், மூன்று தலைமுறை. நாற்பது, ஐம்பது வயதுக்குள் திடீரென்று இறந்தவர்கள், காரணம் தெரியாமல் மயங்கி விழுந்தவர்கள், 'வலிப்பு' என்று சொல்லப்பட்டவர்கள், நீரில் மூழ்கியவர்கள், தனியாக வண்டி ஓட்டிப் போய் விபத்தில் சிக்கியவர்கள், பேஸ்மேக்கர் வைத்தவர்கள், இளவயதில் இதயம் பலவீனமானவர்கள். யாரையும் விடாமல் எழுதுங்கள். வீட்டில் பெரியவர்களிடம் 'இதய நோய் யாருக்காவது உண்டா' என்று கேட்காதீர்கள், இல்லை என்றுதான் சொல்வார்கள். ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி, அவர் எப்படி இறந்தார் என்று கேளுங்கள்.

அரைத்தூக்கம் எழுதியது:

இவ்வளவு எதற்கு, கையில் கட்டும் வாட்ச் பார்த்துச் சொல்லிவிடுமே? நான் அதை நம்பித்தான் இருக்கிறேன்.

மேசைவிளக்கு எழுதியது:

சொல்லும், ஆனால் சொல்வது குறைவு. 2019இல் வெளிவந்த ஆப்பிள் ஆய்வில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள், சீரற்ற துடிப்பு என்று எச்சரிக்கை வந்தது 0.5 சதவீதம் பேருக்குத்தான். எச்சரிக்கை வந்து, பிறகு நெஞ்சில் ஒட்டும் கருவியைப் போட்டுக்கொண்டவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கே அப்போது ஏ.எஃப். பதிவானது. வந்து வந்து போகும் நோய் என்பதால் மீதிப் பேருக்கு இல்லை என்றும் ஆகாது. இன்னொரு பக்கம், டென்மார்க்கில் தோலுக்கடியில் கருவி வைத்து விடாமல் கண்காணித்த ஆய்வு 2021இல் வந்தது. ஏ.எஃப். மூன்று மடங்கு கண்டுபிடித்தார்கள், பக்கவாதம் தெளிவாகக் குறைந்ததாகக் காட்ட முடியவில்லை. அதுவும் எழுபதும் அதற்கு மேலும் வயதான ஆட்களிடம். 37 வயதில் வாட்ச்சைப் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை பார்த்தால் படபடப்புத்தான் மிஞ்சும். அப்புறம், க்யூடி விஷயத்துக்கு அந்தச் சீரற்ற துடிப்பு எச்சரிக்கை உதவவே உதவாது.

ஊதாக்குடை எழுதியது:

வடக்குஜன்னல், என் மகனுக்கு லாங் க்யூடி இரண்டாம் வகை. அதனால் டி85என் பற்றி ஒன்று சேர்க்க வேண்டும். மேசைவிளக்கு சொன்னதோடு எனக்குச் சண்டை இல்லை, ஆனால் 'ஒன்றும் இல்லை' என்று நீங்கள் படித்துவிட்டுப் போய்விடக் கூடாது.

தனியாக அது நோய் தராது. வேறு ஏதாவது சேரும்போதுதான் வம்பு. சில மருந்துகளே க்யூடியை நீட்டும்: எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக், ஃப்ளூகோனசோல், ஹாலோபெரிடால், சிட்டலோபிராம், வாந்திக்குக் கொடுக்கும் ஆன்டான்செட்ரான், டோம்பெரிடோன். மருந்தால் க்யூடி நீண்டு, உயிருக்கே ஆபத்தான துடிப்பு வந்தவர்களை எடுத்துப் பார்த்தால், அவர்களிடம் இந்த டி85என் மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக இருந்திருக்கிறது. ஒவ்வாமைக்கு ஒரு காலத்தில் டெர்ஃபெனடின் என்று ஒரு மாத்திரை பரவலாக இருந்தது, அமெரிக்காவில் 1998இல் சந்தையிலிருந்தே எடுத்துவிட்டார்கள். எரித்ரோமைசினோடு சேர்த்துச் சாப்பிட்டால் உடம்பால் அதைச் சிதைக்க முடியாமல் ரத்தத்தில் ஏறி, க்யூடியை நீட்டியது.

என்னைப் பயமுறுத்தும் சேர்க்கை எது தெரியுமா? சாதாரண வயிற்றுப்போக்கும் வாந்தியும்தான். பொட்டாசியம் வெளியே போய்விடும், அதோடு வாந்தியை நிறுத்த க்யூடியை நீட்டும் ஊசியையே போடுவார்கள். இரண்டும் ஒரே நாளில். மகனுக்கு உடம்பு சரியில்லாமல் போய்ப் படுக்கையில் கிடந்தபோது நர்ஸ் கையிலிருந்த சிரிஞ்சைப் பார்த்து 'என்ன மருந்து' என்று நான் கேட்டதும் அவருக்கு எரிச்சல்தான் வந்தது. பரவாயில்லை என்று கேட்டேன். பிறகு டாக்டர் வந்து பார்த்து வேறு மருந்து போடச் சொன்னார். கிரெடிபிள்மெட்ஸ் என்று இணையத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. க்யூடியை நீட்டும் மருந்துகளை அபாய அளவின்படி பிரித்துப் போட்டிருப்பார்கள். புது மருந்து எழுதும்போதெல்லாம் அதைப் பார்த்துவிட்டு டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

லாங் க்யூடியில் வகைக்கு வகை தூண்டுதல் வேறு. முதல் வகைக்கு உடற்பயிற்சி, குறிப்பாக நீச்சல். இரண்டாம் வகைக்குத் திடீர்ச் சத்தம். மூன்றாம் வகைக்குத் தூக்கம், ஓய்வு. எங்கள் வீட்டில் அலாரம் கடிகாரமே கிடையாது. காலையில் நான்தான் போய்த் தோளைத் தொட்டு எழுப்புகிறேன். அவன் அறையில் போனையும் இரவில் வைப்பதில்லை.

மகளுக்கு எச்சில் சோதனை வேண்டவே வேண்டாம். முதலில் வீட்டுப் பெரியவர்களிடம் பேசுங்கள்.

வடக்குஜன்னல் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. அம்மாவிடம் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகக் கேட்டேன். மேசைவிளக்கு சொன்னபடி 'எப்படி' என்றே கேட்டேன்.

அப்பாவின் தம்பி, எங்கள் சித்தப்பா, 22 வயதில் நீச்சல் குளத்தில் இறந்தார் என்பது எனக்குத் தெரியும். தண்ணீரில் மூழ்கிவிட்டார் என்று மட்டும்தான் கேள்விப்பட்டிருந்தேன். அம்மா இப்போது சொல்வது: அவர் போட்டிகளில் நீந்தியவர். அன்றைக்குக் குளத்தின் நடுவில்கூட இல்லை, கரையோரம் திரும்பும் இடத்தில் அப்படியே அடங்கிப்போனார், கூச்சல் இல்லை, தத்தளிப்பு இல்லை. அத்தை ஒருவருக்குச் சிறு வயதில் வலிப்பு என்று பல வருஷம் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். பள்ளியில் ஓட்டப்பந்தயத்தில் விழுந்ததிலிருந்து ஆரம்பித்ததாம். அத்தை இப்போது நன்றாகத்தான் இருக்கிறார்.

எழுதிப் பார்த்ததிலிருந்து மனசே சரியில்லை. அப்பாவிடம் இன்னும் கேட்கவில்லை. தம்பியைப் பற்றிப் பேச்செடுத்தாலே எழுந்து போய்விடுவார்.

மேசைவிளக்கு எழுதியது:

அப்பாவை இப்போதைக்கு விடுங்கள். இதுவே போதும்.

இங்கே உட்கார்ந்துகொண்டு யாரும் இது இன்ன நோய் என்று சொல்ல முடியாது. ஆனால் நன்றாக நீந்தத் தெரிந்த இளைஞர் சத்தமில்லாமல் மூழ்குவதும், ஓடும்போது விழுந்தவரை வலிப்பு என்று வைத்தியம் பார்ப்பதும், துடிப்புக் கோளாறு பரம்பரையாக வரும் குடும்பங்களில் அடிக்கடி கேட்கும் கதைகள். அதை இதய மின்னோட்டம் பார்க்கும் டாக்டரிடம் அப்படியே சொல்ல வேண்டும். தயக்கமே வேண்டாம். சிவப்பு வரிகளைக் காட்டினால் அவர் சலித்துக்கொள்ளலாம். இந்தத் தாளைக் காட்டினால் நிமிர்ந்து உட்காருவார்.

அண்ணனின் ஏ.எஃபையும் இப்போது வேறு கண்ணோடு பார்க்க வேண்டும். 2003இல் சீனாவில் ஒரு குடும்பத்தில் பரம்பரையாக வந்த ஏ.எஃபுக்குக் காரணம் கேசிஎன்க்யூ1 மரபணுவில் இருந்தது. லாங் க்யூடி முதல் வகைக்கும் அதே மரபணுதான். அந்த ஏ.எஃபில் பொட்டாசியம் வாயில் அளவுக்கு மீறித் திறந்தது, லாங் க்யூடியில் போதுமான அளவு திறப்பதில்லை. அமெரிக்காவில் 66 வயதுக்குள் ஏ.எஃப். வந்த சுமார் 1,300 பேரின் மரபணுக்களைப் படித்து 2021இல் வெளியிட்டார்கள். நூற்றில் பத்துப் பேருக்கு இதயத் தசையையோ மின்னோட்டத்தையோ பாதிக்கும் நோய் மாறுபாடு கிடைத்தது. 30 வயதுக்குள் வந்தவர்களில் அது பதினேழை நெருங்கியது. டைட்டின் என்ற பெரிய தசைப்புரதத்தின் மரபணு பாதியில் அறுந்திருப்பதும் இளவயது ஏ.எஃபில் தலைகாட்டுகிற ஒன்று. அதனால் அண்ணனுக்கு எக்கோ (இதயத்தின் ஸ்கேன்) எடுக்காமல் விட்டிருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். 45 வயதுக்குள் வெளிப்படையான காரணம் இல்லாமல் ஏ.எஃப். வந்தால் மரபணு ஆலோசனையும் சோதனையும் பொருத்தமாக இருக்கலாம் என்று 2023 அமெரிக்க வழிகாட்டுதலும் சொல்கிறது.

அதே ஆய்வில் அறுபது சதவீதத்துக்கும் மேலானவர்களுக்கு 'பொருள் உறுதியில்லாத மாறுபாடு' என்று வந்ததையும் சொல்லிவிடுகிறேன். மாறுபாடுகளை வகைப்படுத்தும் 2015 விதிகளின்படி நாங்கள் அவற்றை ஐந்து பெட்டிகளில் போடுகிறோம்: நோய் தருவது, அநேகமாகத் தருவது, உறுதியில்லாதது, அநேகமாகத் தீங்கற்றது, தீங்கற்றது. நடுப்பெட்டியில் விழுந்ததை வைத்து மாத்திரையும் கூடாது, குடும்பத்தினருக்குச் சோதனையும் கூடாது. சில வருஷம் கழித்து அது வேறு பெட்டிக்கு மாறலாம், அப்போது பார்த்துக்கொள்ளலாம். லாங் க்யூடிக்கு என்று பட்டியலிட்டிருந்த 17 மரபணுக்களை 2020இல் நிபுணர் குழு ஒன்று மறுபடி அலசியபோது, வழக்கமான லாங் க்யூடிக்கு உறுதியான ஆதாரம் தேறியது மூன்றுக்குத்தான்: கேசிஎன்க்யூ1, கேசிஎன்ஹெச்2, எஸ்சிஎன்5ஏ. பழைய ரிப்போர்ட்டுகளை வைத்துக்கொண்டு பயந்தவர்கள் எத்தனை பேரோ.

யாருக்கு முதலில் மரபணுச் சோதனை என்பதில் தடுமாறாதீர்கள். உங்களுக்கு இல்லை, மகளுக்கும் இல்லை. நோய் வந்தவர்களுக்கு: அண்ணனுக்கு, முடிந்தால் அத்தைக்கும். எச்சில் சிப் இல்லை. மருத்துவச் சோதனைக்கூடத்தில் அந்த மரபணுக்களை முழுவதுமாகப் படிக்கும் சோதனை. அவர்களிடம் உறுதியாக ஒன்று கிடைத்தால் அந்த ஒரே இடத்தை மற்றவர்களிடம் பார்ப்பது சுலபம், விடையும் ஆம் அல்லது இல்லை என்று வரும். ஆரோக்கியமாக இருக்கும் உங்களிடம் தேடி ஒன்றும் கிடைக்கவில்லை என்றால், குடும்பத்தில் எதுவும் இல்லையா, உங்களுக்கு மட்டும் வரவில்லையா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

ஈசிஜி மட்டும் நீங்கள், மகள், அப்பா மூவரும் இந்த வாரமே எடுத்துவிடுங்கள்.

வடக்குஜன்னல் எழுதியது:

என்னுடையதும் மகளுடையதும் எடுத்தாயிற்று. என் ஈசிஜியில் துடிப்பு 75, க்யூடி 388, க்யூடிசி 434 என்று இயந்திரம் அச்சடித்திருக்கிறது. மகளுடையதும் இயல்பு என்று போட்டிருக்கிறது. டாக்டரைப் பார்க்க அடுத்த வாரம்தான் நேரம் கிடைத்தது. அண்ணன் முதலில் 'எனக்கு வந்தது ஓடியதால்தான்' என்றார். சித்தப்பா கதையைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவில்லை, பிறகு கூட வருகிறேன் என்றார். 434 என்றால் தப்பித்தோம் என்று எடுத்துக்கொள்ளலாமா?

மேசைவிளக்கு எழுதியது:

நல்ல எண்தான். க்யூடியைத் துடிப்பின் வேகத்துக்கு ஏற்றபடி திருத்தியதுதான் க்யூடிசி. அதற்கு 1920இல் பாசெட் கொடுத்த சூத்திரம்: இரண்டு துடிப்புக்கு நடுவில் இருக்கும் நேரத்தை வினாடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தால் க்யூடியை வகுப்பது. உங்களுக்கு 0.8 வினாடி, வர்க்கமூலம் 0.894, 388ஐ வகுத்தால் 434 சரியாக வருகிறது. பெண்களுக்கு 460 வரை பொதுவாகக் கவலையில்லை. துடிப்பு வேகமாக இருந்தால் இந்தச் சூத்திரம் மிகைப்படுத்தும், குழந்தைகளிடம் அதையும் கவனிக்க வேண்டும். க்யூடி முடியும் இடமான டி அலையின் முடிவை இயந்திரம் தப்பாகக் குறிப்பதும் உண்டு, அதனால் டாக்டர் தாளில் கையால் அளந்து பார்க்கட்டும்.

ஆனால் 'தப்பித்தோம்' என்று எழுத மாட்டேன். லாங் க்யூடி மரபணு உறுதியானவர்களிலேயே கால்வாசிப் பேருக்கு ஓய்வில் எடுத்த க்யூடிசி இயல்பாக இருக்கிறது. அதனால்தான் ட்ரெட்மில்லில் ஓடவிட்டு, நிறுத்தி நான்காவது நிமிடத்தில் அளக்கிறார்கள். அப்போது 480ஐத் தொட்டால் சந்தேகம் கூடும். அதை எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள். அண்ணனின் பழைய ஈசிஜிகளையும் கொண்டுபோங்கள், ஏ.எஃப். இல்லாமல் சாதாரணமாகத் துடித்தபோது எடுத்தது ஒன்றாவது இருக்க வேண்டும், க்யூடியை அதில்தான் ஒழுங்காக அளக்க முடியும். அத்தையின் வலிப்புச் சீட்டுகள் ஏதாவது கிடைத்தால் அதையும்.

ஊதாக்குடை எழுதியது:

மகள் நீச்சல் வகுப்புக்குப் போகிறாளா? போனால் டாக்டரைப் பார்க்கும்வரை நிறுத்தி வையுங்கள், காரணம் அவளிடம் இப்போது சொல்ல வேண்டாம். டி85என் இருப்பதை டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். ஆன்டிபயாடிக் எழுதும் ஒவ்வொரு முறையும் அது வேண்டியிருக்கும்.